முதலில் சாப்பிடு, பிறகு எழுது

கடந்த ஆண்டு லெந்து காலத்தில் எங்கள் சபையார் என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தார்கள். 40 நாளும் நாளுக்கு ஒரு பக்கம் தியானம் எழுத வேண்டும். அது காலை 6 மணிக்கு வாட்ஸ்அப் வழியாகச் சபைக் குடும்பங்களுக்குப் போய்ச் சேரும். “தினமும் வானொலியில் பேசுகிறவர், உங்களுக்கு இது ஐந்து நிமிட வேலை” என்றார் போதகர். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

என் நிகழ்ச்சியும் காலை 6 மணிக்குத்தான். அதற்கு 4.15க்கு எழ வேண்டும். பிள்ளைகள் தூங்கிய பிறகு, இரவு 10 மணிக்குமேல்தான் எழுத உட்கார முடியும். பக்கத்தில் ஒரு குவளை த்ரீ-இன்-ஒன் காப்பி, ஒரு தட்டு முறுக்கு. முடிக்கும்போது மணி 1 ஆகிவிடும். மூன்று மணி நேரத் தூக்கம். அதைச் சோர்வு என்று நான் நினைக்கவே இல்லை. ஊழியம் என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

23ஆம் நாள் தியானத்தின் தலைப்பு ‘ஓய்வுநாள்’. அதை எழுதி முடித்தபோது நள்ளிரவு 1.20. காலையில் ஒலிவாங்கியைத் திறந்து, அடுத்து வரும் பாடலின் பெயரைச் சொல்லப் போனேன். வாயில் வரவில்லை. எதிரே கணினித் திரையில் பெயர் இருக்கிறது, வாசிக்க முடியவில்லை. தயாரிப்பாளர் விளம்பரத்தைப் போட்டுச் சமாளித்தார். நிகழ்ச்சி முடிந்து மின்தூக்கியில் இறங்கும்போது தலை சுற்றிச் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

கிளினிக்கில் பார்த்தபோது இரத்த அழுத்தம் கூடியிருந்தது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. “தூக்கம் வரவில்லையா, இல்லை நீங்கள்தான் தூங்குவதில்லையா?” என்று கேட்டார் மருத்துவர். “சர்ச் வேலை டாக்டர்” என்றேன். அது அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பது வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.

நான் தாண்டிப்போன நான்கு வசனங்கள்

மீதி 17 நாளை எழுத முடியாது என்று சொல்ல, தியானங்களைத் திருத்தித் தரும் ஆண்ட்டியை அழைத்தேன். ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. திட்டுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். “11ஆம் நாள் எலியாவைப் பற்றி எழுதினாயே மா, அதை எடுத்துப் படி. பிறகு வேதத்தில் அந்த அதிகாரத்தையும் படி” என்று மட்டும் சொன்னார்.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம். கர்மேல் மலையில் வென்ற எலியா, யேசபேல் அரசியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். என் தியானத்தில் இதுவரை இருந்தது. அடுத்த பத்தியிலேயே நான் அவரை ஓரேப் மலைக்குக் கொண்டுபோய், கடவுளின் மெல்லிய சத்தத்தைக் கேட்க வைத்துவிட்டேன்.

வேதத்தில் இரண்டுக்கும் நடுவே 5 முதல் 8 வரை நான்கு வசனங்கள் இருக்கின்றன. எலியா படுத்துத் தூங்குகிறார். தேவதூதன் தொட்டு எழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுக்கிறார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைக்கிறான். போகவேண்டிய தூரம் அதிகம் என்கிறான். அந்த உணவின் பலத்தில் 40 நாள் நடந்த பிறகுதான் ஓரேப். விசுவாசம் குறைந்துவிட்டது என்று தூதன் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. சோற்றையும் தூக்கத்தையும் நான் கதைக்கு வேண்டாதவை என்று தாண்டிப் போயிருந்தேன். என் வீட்டில் நடந்ததும் அதேதான்.

ஆலயத்தில் யார் விளக்கேற்றுவது?

உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுல் கொரிந்து சபைக்கு எழுதினார். நம் சபைகளில் அந்த வசனம் சிகரெட், மது, பச்சை குத்துதல் பற்றிப் பேசும்போதுதான் வெளியே வரும். தூங்காமல் இருப்பவரைப் பார்த்தோ, இரவு 11 மணிக்கு நாசி லெமாக் சாப்பிடுபவரைப் பார்த்தோ யாரும் அந்த வசனத்தைச் சொல்வதில்லை. 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் வீடுகளில் அது புது விருந்தாளியும் இல்லை.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் தெரிந்த செய்தி அல்ல. உடம்பை இழுக்கு என்று முன்பு எண்ணியதாகவும், அதற்குள் இறைவன் கோயில் கொண்டிருப்பதை அறிந்து பேணத் தொடங்கியதாகவும் திருமூலர் பாடுகிறார். கோயில் தொண்டுக்காக ஊண் உறக்கம் மறந்து ஓடுகிறவர்களும் இதை நினைத்துக்கொள்ளலாம்.

பவுலுக்கும் குளிர் தெரிந்தது. சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் முடிவில், துரோவாவில் விட்டுவந்த மேலங்கியையும் புத்தகங்களையும், முக்கியமாகத் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறார். மழைக்காலத்துக்கு முன்பே வரச் சொல்கிறார். உடம்புக்கு வேண்டியதையும் எழுத்துக்கு வேண்டியதையும் ஒரே வாக்கியத்தில் கேட்க அவர் கூச்சப்படவில்லை.

இரண்டு தூக்கங்கள்

அப்படியென்றால் களைப்பு என்று சொல்லி எழுதாமலே இருந்துவிடலாமா? இந்தக் கேள்விக்கு ஜான் பன்யன் நல்ல விடை வைத்திருக்கிறார். பெட்ஃபர்டு சிறையில் 12 ஆண்டுகள் கழித்தவர் அவர். 1678இல் வெளிவந்த அவருடைய ‘மோட்சப் பிரயாணம்’ கதையில், கிறிஸ்தியான் மலையேறும் வழியில் ஒரு நிழற்பந்தல் வருகிறது. பயணிகள் களைப்பாற மலையின் எசமான் அமைத்த இடம். அங்கே அளவுக்கு மீறித் தூங்கித் தன் கையிலிருந்த சுருளைத் தவறவிடுகிறான். திரும்பி வந்து தேட வேண்டியதாகிறது. சற்றுத் தூரத்தில் அரண்மனை போன்ற ஒரு வீடு. அங்கே உணவு கொடுத்து, ‘சமாதானம்’ என்ற பெயருள்ள அறையில் தூங்க வைத்து, ஆயுதம் தரிப்பித்து அனுப்புகிறார்கள். முதல் தூக்கம் சுருளை இழக்கச் செய்தது. இரண்டாவது தூக்கம் அடுத்து வரும் போருக்கு அவனைத் தயார் செய்தது.

இந்தக் கதையைத் தழுவித்தான் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியத்தைத் தமிழில் படைத்தார். இதழில் பல ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலானது. அப்போது அவருக்கு வயது 67. நாற்பது நாளில் உடம்பைக் கெடுத்துக்கொண்ட எனக்கு அந்தப் பொறுமை பாடமாக இருந்தது.

சரக்கு தேடாத வாசிப்பு

உடம்புக்கு மருத்துவர் சொன்னார். ஆவிக்கு வந்த நோயை நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சங்கீதத்தைத் திறந்தால், இதில் நாளைக்கு என்ன எழுதலாம் என்று கை பேனாவைத் தேடும். ஜெபிக்கும்போது நல்ல வரி ஒன்று வந்தால், ஆமென் சொல்வதற்குள் கைப்பேசியில் குறித்துக்கொள்வேன். வேதம் எனக்குச் சரக்கு எடுக்கும் கிடங்காகிவிட்டது. சமையல்காரர் ருசி மட்டும் பார்த்துப் பட்டினி கிடப்பதுபோல்தான்.

இப்போது சில ஒழுங்குகளை வைத்திருக்கிறேன். எழுதுகிறவர்கள், பாடுகிறவர்கள், பிரசங்கிக்கிறவர்கள் யாரும் முயன்று பார்க்கலாம்.

இரவு 9 மணிக்குமேல் எழுதுவதில்லை. அதிகாலை வேலைக்குப் போகிறவளுக்கு அதற்குமேல் விழித்திருப்பது கட்டாது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்கிறது மருத்துவம். வேலை முடிந்து வரும்போது மதியத் தூக்கத்தையும் சேர்த்துத்தான் எனக்கு அது வருகிறது.

எழுதுவதற்கு முன் அரை மணி நேரம் நடக்கிறேன். வாரத்துக்கு ஐந்து நாள் நடந்தால், உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் 150 நிமிடம் வந்துவிடும். திரை முன்னால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தூரத்தில் உள்ளதை 20 விநாடி பார்க்கிறேன்.

தினமும் ஒரு சங்கீதம் வாசிக்கிறேன். அதைப் பற்றி எழுதுவதில்லை, பேசுவதில்லை. அது எனக்கு மட்டும்.

வாரம் ஒருமுறை ஆண்ட்டி என்னை அழைக்கிறார். “என்ன எழுதினாய்?” என்று கேட்பதில்லை. “தூங்கினாயா, சாப்பிட்டாயா?” என்றுதான் கேட்கிறார்.

அந்த 17 நாட்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். சபையில் 17 பேர் ஆளுக்கு ஒன்று எழுதினார்கள். நான் இல்லாவிட்டால் நின்றுபோகும் என்று நினைத்திருந்தேன். ஒரு நாள்கூட நிற்கவில்லை. 31ஆம் நாள் எழுதியவர், கணவருக்கு டயாலிசிஸ் செய்ய வாரம் மூன்று முறை கூட்டிப்போகும் ஓர் அம்மா. காத்திருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து எழுதினாராம். எழுத்துப்பிழைகளோடு வந்த அந்த ஒரு பக்கத்தைத்தான் சபையில் இன்னும் பேசுகிறார்கள்.

இந்த ஆண்டு லெந்து காலத்தில் நாற்பது நாளையும் பத்துப் பேர் பகிர்ந்துகொண்டோம். என் பங்குக்கு நான்கு. அவற்றைச் சனிக்கிழமை காலையில், பசியாறிய பிறகு எழுதினேன்.