கோயிலும் நாங்களே! கோட்டையும் நாங்களே!



போன தடவை நம்ம பள்ளிச் சுற்றுலாவில் தரங்கம்பாடி போனோமே, ஞாபகம் இருக்கா? அங்கே கடலோரத்தில் டேனிஷ் கோட்டை பார்த்தோம். 1620-ல் கட்டியது. கொஞ்ச தூரம் நடந்து சீகன்பால்கு கட்டின புது எருசலேம் ஆலயமும் பார்த்தோம். 1718-ல் கட்டியது. அது லுத்தரன் சபை ஆலயம் என்று சமூக அறிவியல் ஆசிரியை சொன்னார்கள். "கோட்டை ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம் இருக்கே டீச்சர், ரெண்டும் ஒண்ணா இருக்கிற ஊர் உண்டா?" என்று சும்மாதான் கேட்டேன். "உண்டு, தேடிப் படிச்சு சுவர் இதழில் எழுது" என்று சொல்லிவிட்டார்கள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட கதைதான் இந்தக் கட்டுரை!

அந்த ஊர் பெயர் பிரெஜ்மெர். ருமேனியா நாட்டில் டிரான்சில்வேனியா பகுதியில் பிராஷோவ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. டிரான்சில்வேனியா என்றதும் டிராகுலா பேய்தானே நினைவுக்கு வரும்? பயப்படாதீங்க, இதில் பேய் வராது.

யார் கட்டினார்கள்?

12-ஆம் நூற்றாண்டிலிருந்து ஜெர்மன் மொழி பேசும் மக்கள் அங்கே குடியேறினார்கள். அவர்களை சாக்சன்கள் என்பார்கள். அப்போது அது ஹங்கேரி அரசரின் நாடு. 1211-ல் அந்த எல்லைப் பகுதியை டியூட்டானிக் வீரர்கள் என்ற துறவிப் படையிடம் அரசர் ஒப்படைத்தார். அவர்கள்தான் ஆலய வேலையைத் தொடங்கினார்கள். ஆனால் 1225-லேயே அரசர் அவர்களை விரட்டிவிட்டார். பிறகு சிஸ்டெர்சியன் துறவிகள் வேலையை முடித்தார்கள். கூட்டல் குறி மாதிரி நாலு பக்கமும் கை நீட்டின சிலுவை வடிவத்தில் ஆலயத்தைத் தொடங்கினார்கள்.

முதலில் அது கத்தோலிக்க ஆலயம். பிராஷோவில் யோஹன்னஸ் ஹோன்டெரஸ் (1498–1549) என்ற அறிஞர் இருந்தார். அவர் பள்ளிக்கூடம் நடத்தினார், அச்சகமும் வைத்திருந்தார். 1540-களில் அவர் மார்ட்டின் லுத்தரின் சீர்திருத்தத்தைப் பரப்பியதால் சாக்சன் ஊர்கள் லுத்தரன் சபைக்கு மாறின. பிரெஜ்மெரும் மாறியது.

கோட்டை எதற்கு?

அந்த ஊர் எல்லையில் இருந்ததால் படையெடுப்பு வந்தால் முதல் அடி அவர்களுக்குத்தான். 1241-ல் மங்கோலியர் வந்தார்கள். 1421-ல் ஒட்டோமான் துருக்கியர் வந்து அந்தப் பகுதியைச் சூறையாடினார்கள். ஒவ்வொரு தடவையும் அரசரின் படை வரும் வரைக்கும் காத்திருக்க முடியுமா? அதனால் 15-ஆம் நூற்றாண்டில் ஊர் மக்களே ஆலயத்தைச் சுற்றி வட்டமாகப் பெரிய மதில் எழுப்பினார்கள்.

மதிலின் உயரம் 12 மீட்டர் வரை. நம்ம பள்ளிக் கட்டடத்தை ஒன்று மேல் ஒன்றாக மூன்று தடவை அடுக்கினால் அவ்வளவு வரும். கனம் 3 மீட்டருக்கு மேல். வெளியே அகழி. வெளிப் பக்கம் ஜன்னலே கிடையாது, அம்பு விடவும் சுடவும் சின்னச் சின்னத் துளைகள்தான். வரிசையாகத் துப்பாக்கிக் குழாய்களைப் பொருத்தி ஒரே நேரத்தில் சுடும் ஒரு கருவியும் வைத்திருந்தார்கள். அதற்கு 'மரண ஆர்கன்' என்று பெயர். ஆர்கன் என்பது ஆலயத்தில் வாசிக்கும் இசைக்கருவி. பெயரைப் பாருங்களேன்!

அந்தக் கோட்டையை எத்தனையோ தடவை முற்றுகையிட்டார்கள். ஒரே ஒரு தடவைதான் பிடிபட்டது. 1611-ல் கேப்ரியல் பாத்தோரி என்ற இளவரசர் பிடித்தார்.

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்

மதிலின் உள்பக்கம் தேன்கூடு மாதிரி நாலு அடுக்கில் 270-க்கும் மேற்பட்ட சின்ன அறைகள். மர ஏணியிலும் மர நடையிலும் ஏறித்தான் போகணும். சாக்சன் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. ஊரில் வீட்டுக்கு என்ன எண்ணோ அதே எண்தான் அறைக் கதவிலும்! சமாதானக் காலத்தில் அங்கே தானியம் சேமித்து வைப்பார்கள். ஆபத்து என்றால் நேராக அவரவர் எண்ணுள்ள அறைக்குப் போய்விடலாம். மதிலுக்குள்ளேயே ஒரு வகுப்பறையும் இருந்திருக்கிறது. இப்போதும் போனால் பார்க்கலாம். (முற்றுகையிலும் லீவு இல்லை போலிருக்கு, பாவம்!)

இதைப் படித்ததும் எனக்குப் போன ஐப்பசி புயல் ராத்திரிதான் ஞாபகம் வந்தது. ஊரே நம்ம பள்ளிக்கூடத்துக்குத்தான் ஓடி வந்தது. எங்க தெரு கடைசித் தெரு. வாய்க்கால் தண்ணியைத் தாண்டி நாங்க வருவதற்குள் எல்லா வகுப்பறையும் நிரம்பிவிட்டது. "இடம் இல்ல, இடம் இல்ல" என்றார்கள். எங்க அப்பாயி விடிய விடிய வராண்டாவில் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. "இடம் புடிக்க ஓடுற வயசாடி எனக்கு?" என்று மட்டும் கேட்டது. சாரல் முழுக்க அது மேலதான். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. எல்லாருக்கும் பயம்தானே. ஆனால் அந்த சாக்சன் ஊரில் கிழவிகள் ஓட வேண்டியதில்லை. அவர்கள் எண் அவர்களுக்காகக் காத்திருக்கும்.

1989-ல் ருமேனியாவில் ஆட்சி மாறிய பிறகு சாக்சன்களில் பெரும்பாலோர் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். ஆலயமும் கோட்டையும் நிற்கின்றன. 1999-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னப் பட்டியலில் சேர்த்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நமக்கு மதில் வேண்டாம், மரண ஆர்கனும் வேண்டாம். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னாடி, எந்தத் தெருவுக்கு எந்த வகுப்பறை என்று எழுதிக் கதவில் ஒட்டி வைக்கலாமா? வயசானவங்க இருக்கிற வீட்டுக்கு முதல் இடம். சாக்பீஸ் எங்க வகுப்பு தரும்!



– ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி