ஒளிர்வதெல்லாம் புற்றுநோயா?

தடங்காட்டி செய்யும் வேலை

பெட் ஸ்கேன் உடலின் வடிவத்தைக் காட்டிலும் உடலுக்குள் நடைபெறும் வேலையைப் படம்பிடிப்பதாகும். மிகச் சிறிய அளவில் கதிரியக்கம் ஏற்றப்பட்ட தடங்காட்டி என்னும் மருந்து நரம்பு வழியே செலுத்தப்பட, அது தனக்கேற்ற உயிரணுக்களில் சென்று தங்கி, பாசிட்ரான் என்னும் நேர்மின் துகளை வெளியிடுகிறது. அத்துகள் அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி அழியும்போது எதிரெதிர்த் திசையில் பாயும் இரு காமாக் கதிர்களைக் கருவி பிடித்து, அவை புறப்பட்ட இடத்தைக் கணக்கிடுகிறது. 1976 முதல் மனிதரிடம் பயன்பட்டுவரும் எஃப்டிஜி என்னும் தடங்காட்டி, ஃபுளோரின்-18 ஏற்றிய ஒருவகைச் சர்க்கரையாகும். புற்றணுக்கள் பெரும்பாலும் சர்க்கரையை மிகுதியாக உண்பவை என்பதால் அவை படத்தில் ஒளிர்கின்றன.

ஆயினும் சர்க்கரையை விரும்புவது புற்றணு மட்டுமன்று. மூளை இயல்பாகவே அதை மிகுதியாக ஏற்பதால் மூளைக் கட்டிகள் அதன் ஒளியில் மறைந்துவிடுவதுண்டு. ஆண்களின் புராஸ்டேட் புற்றோ பல வேளைகளில் அதை அதிகம் ஏற்பதில்லை. காசநோய் தாக்கிய நிணநீர்க் கணுக்களும் புற்றைப் போலவே ஒளிர்கின்றன என்பது நம் நாட்டு மருத்துவர்கள் ஒவ்வொரு நாளும் எதிர்கொள்ளும் சிக்கல். புதிய தடங்காட்டிகளுக்கான தேடல் தொடர இக்குறைகள் பெரிதும் காரணம்.

1949இல் இருந்த கருவிகள்

பெட் ஸ்கேன் தோன்றாத காலத்தில், திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பகவான் ரமண மகரிஷியின் இடக்கையில் தோன்றிய கட்டி, 1949 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை நான்கு முறை அறுவை செய்யப்பட்டும், இடையே ரேடியம் வைத்துச் சிகிச்சையளிக்கப்பட்டும், மீண்டும் மீண்டும் வளர்ந்தது. அது சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு முதலிய இணைப்புத் திசுக்களில் எழும் புற்று என்பது திசுப் பரிசோதனையில் தெரிந்தது. கையை எடுத்துவிடும் யோசனையை மகரிஷி ஏற்கவில்லை. 1950 ஏப்ரல் 14 அன்று அவர் சமாதியடைந்தார். கதிரியக்கம் அன்று நோயைச் சுடும் கருவியாகப் பயன்பட்டதே தவிர, நோய் எங்கெல்லாம் பரவியுள்ளது என்று காணும் கண்ணாக இன்னும் ஆகவில்லை. இன்றைய ஸ்கேன் இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று சொல்ல இடமில்லை. பரவலின் எல்லை முன்னரே தெரிந்திருக்கக்கூடும் என்பது வரையில் மட்டுமே சொல்லலாம்.

புதிய தடங்காட்டி தேறும் வழி

ஒரு புதிய மருந்து ஒளிர்ந்துவிட்டால் மட்டும் போதாது. ஒளிர்வது புற்றுதானா, அதை அறிந்ததால் சிகிச்சை மாறுகிறதா என்னும் இரு கேள்விகளுக்கு அது விடை சொல்லியாக வேண்டும். முதலில் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்றணுக்களிலும், பின்னர் எலிகளிலும், அது உரிய இடத்தில் பற்றுகிறதா, இரத்தத்தில் சிதையாமல் நிற்கிறதா, சிறுநீரகத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் எவ்வளவு கதிர்வீச்சை விட்டுச்செல்கிறது என்பன அளக்கப்படுகின்றன. அதன்பின் சில மனிதர்களிடம் பாதுகாப்பு சோதிக்கப்படுகிறது. இறுதியாக, படத்தில் ஒளிர்ந்த இடத்துத் திசுவை நுண்ணோக்கியில் வைத்தும், நோயாளியைப் பல மாதம் தொடர்ந்து கவனித்தும், படம் சொன்னது மெய்யா என ஒப்பிடப்படுகிறது. இந்த இறுதிப் படியைத் தாண்டாத மருந்தை, அதன் படம் எவ்வளவு அழகாயிருப்பினும், நம்புவதற்கில்லை.

இவ்வாறு தேறிய ஒன்று, புராஸ்டேட் புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுதியாகக் காணப்படும் பிஎஸ்எம்ஏ என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் காலியம்-68 மருந்தாகும். ஆஸ்திரேலியாவில் 302 ஆண்களை இரு பிரிவாகப் பிரித்து நடத்தி 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில், வழக்கமான சிடி ஸ்கேன், எலும்பு ஸ்கேன் ஆகியவற்றின் துல்லியம் 65 விழுக்காடாக இருக்க, பிஎஸ்எம்ஏ பெட் 92 விழுக்காட்டை எட்டியது. சிகிச்சைத் திட்டமும் கூடுதலானோருக்கு மாறியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவ்வாண்டு டிசம்பரில் இதற்கு ஒப்புதல் அளித்தது. உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இம்மருந்தை ஏற்று ஒளிர்கின்றன என்பதால், இதையும் படிக்கத் தெரிந்தவரே படிக்க வேண்டும்.

தூரமும் நேரமும்

ஃபுளோரின்-18இன் வீரியம் 110 நிமிடத்திற்கொரு முறை பாதியாகக் குறைவதால், சென்னையில் சைக்ளோட்ரான் என்னும் துகள் முடுக்கியில் உருவாக்கிய மருந்தைச் சாலை வழியே நான்கு மணி நேரத்தில் திருவண்ணாமலைக்குக் கொணர்ந்தால், கால் பங்கிற்கும் குறைவான வீரியமே எஞ்சும். காலியம்-68க்கோ 68 நிமிடமே அரைவாழ்வு. எனினும் சுமார் 271 நாள் அரைவாழ்வுள்ள ஜெர்மானியம்-68 அடங்கிய சிறு கலத்திலிருந்து, பசுவில் பால் கறப்பது போல, மருத்துவமனையிலேயே அதை அவ்வப்போது கறந்துகொள்ளலாம். சைக்ளோட்ரானுக்கு எட்டத்தில் இருக்கும் ஊர்களுக்கு இவ்வகை மருந்துகளே பெருந்துணை என்பதில் ஐயமில்லை.

பரிசோதனைக்குச் செல்வோருக்கு

வேலூருக்கோ புதுச்சேரிக்கோ சென்னைக்கோ பெட் ஸ்கேனுக்குச் செல்லும் ரமணாசிரமப் பகுதியினர், எஃப்டிஜி எனில் நான்கு முதல் ஆறு மணி நேரம் உண்ணாதிருக்க வேண்டும் என்பதையும், சர்க்கரை நோய் மருந்து உட்கொள்வோர் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதையும், கருவுற்றிருக்கும் வாய்ப்புள்ள பெண்கள் கட்டாயம் சொல்லிவிட வேண்டும் என்பதையும் மறக்கலாகாது. புதிய தடங்காட்டியின் ஆய்வில் சேருமாறு கேட்கப்பட்டால், தமிழில் எழுதிய விளக்கத்தாளைக் கேட்டுப் பெறவும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் உள்ளனவா என வினவவும், விரும்பாவிடில் மறுக்கவும் நோயாளிக்கு முழு உரிமை உண்டு. முன்பு எப்போதேனும் காசநோய்க்கு மருந்து உட்கொண்டவர்கள், அந்தப் பழைய சிகிச்சைச் சீட்டைத் தவறாமல் உடன் எடுத்துச் செல்லுங்கள்.