பிரகலாதன் கேட்ட வரம்

தூணைப் பிளந்து நரசிம்மர் தோன்றிய வரலாற்றை ஆண்டுதோறும் கேட்டு மகிழ்கிறோம். இரணியன் மாண்டதும் கதை முடிந்ததென்று எழுந்துவிடுகிறோம். தன்னைக் கொல்ல முயன்ற தகப்பனைப் பற்றி அந்தப் பிள்ளை மனத்தில் என்ன வைத்திருந்தான் என்பது அதற்குப் பிறகுதான் வெளிப்படுகிறது. சிங்கமுகம் தரும் சிலிர்ப்பு அந்தப் பகுதிக்கு இல்லாததாலோ என்னவோ, காலட்சேபங்களிலும் அது விரைவாகக் கடந்து போகிறது.

ஸ்ரீமத் பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தத்தில் இரணியகசிபு எடுத்த எடுப்பில் மகனுக்குக் கொடியவன் அல்லன். குருகுலத்திலிருந்து வந்த பிள்ளையை மடியில் அமர்த்தி, உச்சி முகர்ந்து, கண்ணீரால் நனைத்து, கற்றதில் சிறந்ததைச் சொல்லும்படி ஆசையாகக் கேட்கிறான். பிள்ளை திருமால் பக்தியைச் சொன்னதும் அதே மடியிலிருந்து தரையில் தள்ளிவிடுகிறான். கொஞ்சிய கையும் தள்ளிய கையும் ஒன்றே. எப்போதும் அடிக்கும் தகப்பனை வெறுத்துவிடலாம். இப்படிப்பட்டவனை வெறுக்கவும் முடியாது, நம்பவும் முடியாது. பிறகு வந்தவை யானை, பாம்பு, நஞ்சு, தீ, பட்டினி, மலையுச்சி.

இத்தனைக்கும் நடுவில் பிரகலாதன் தகப்பனை இகழ்ந்து பேசவில்லை. அவன் சொன்னதற்கு இணங்கவும் இல்லை. கம்பர் தம் இராமகாதையின் இரணியன் வதைப் படலத்தில் இதை நன்கு காட்டுகிறார். ஆசிரியர் இரணியன் பெயரையே மந்திரமாக ஓதச் சொல்கிறார், பிள்ளை மறுத்துவிடுகிறான். தந்தைக்குரிய மரியாதை வேறு, தந்தையையே தெய்வமென்று ஒப்புக்கொள்வது வேறு என்பதை அச்சிறுவன் அறிந்திருந்தான்.

விஷ்ணு புராணம் இன்னும் நுட்பமானது. அங்கே வரம் கேட்கும்போது பிரகலாதன் தனக்குச் செய்யப்பட்ட கொடுமைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறான்: ஆயுதம் எறிந்தது, நெருப்பில் இட்டது, உணவில் நஞ்சு வைத்தது, கட்டிக் கடலில் போட்டது. எதையும் மூடி மறைக்கவில்லை. சொல்லி முடித்த பிறகே அந்தப் பாவத்திலிருந்து தந்தை விடுபட வேண்டுமென்கிறான். அவன் திரும்பி வந்து வணங்கியபோது இரணியன் மகனைத் தழுவி, "உயிரோடு இருக்கிறாயா குழந்தாய்?" என்று அழுததாகவும் அப்புராணம் கூறுகிறது. பாகவதத்தில் அப்படி மனம் மாறவே இல்லை. தகப்பன் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் பிள்ளை கேட்ட வரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பது கவனிக்கத்தக்கது.

டெங்கில் வட்டாரத்தில் நம்மில் பலர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். புத்ராஜெயா எழுந்த தோட்டங்களிலிருந்து 1990களில் தாமான் பெர்மாத்தாவுக்குப் பெயர்ந்த குடும்பங்களும் உண்டு. சம்சுப் புட்டி சில வீடுகளில் செய்த வேலை நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடிபட்ட பிள்ளையிடம், "என்ன இருந்தாலும் அப்பா இல்லையா, பிரகலாதன் பொறுத்துக்கொள்ளவில்லையா?" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. இது புராணத்தைத் தலைகீழாகப் படிப்பதாகும். பிள்ளை பொறுத்தான் என்பதற்காகப் பெருமான் கொடுமையைத் தொடர விடவில்லை. தூணைப் பிளந்துகொண்டு வந்து நிறுத்தினான். வரம் கேட்டதும் அதற்குப் பின்னரே. பிள்ளை அடிபட்டுக்கொண்டிருக்கும்போது மன்னிப்பைப் பற்றிப் பேசுவது முறையன்று. நம் நாட்டில் 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டமும் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டமும் உள்ளன. தாலியான் காசே 15999 என்ற எண்ணை அண்டை வீட்டாரும் அழைக்கலாம்.

இன்னொரு கேள்வியும் எழுவதுண்டு. அடித்தே வளர்த்த தகப்பன் இறந்தபின் மகன் கருமம் செய்ய வேண்டுமா? பாகவதத்தில் பிரகலாதன் தந்தை தூய்மை பெற வேண்டுமென்று கேட்கிறான். முன்னோர் 21 பேருடன் அவன் தூய்மையடைந்தான் என்று பெருமான் அருளி, ஈமக்கடனைச் செய்யும்படி பணிக்கிறார். பிரகலாதனும் செய்தான். தந்தை நல்லவன் என்று அவன் அங்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. கடனை முடித்தபின் அவனுக்கு முடிசூட்டினார்கள்.