ஊர்ச் சிறு பாடசாலைகளை நாமே மூடிவிடக் கூடாது

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழவுள்ள நமது ஊர்களில் ஆறும் களப்பும் கடந்தே பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும் வரை, கிண்ணியா மக்கள் நகருக்குச் செல்லப் படகுப் பாதையையே நம்பியிருந்தனர். 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டும் பணி நடந்துகொண்டிருந்த இடத்தில் சேவையில் இருந்த படகு கவிழ்ந்தது. அன்றே ஆறு பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பாடசாலைச் சிறுவர்களும் இருந்தனர். சிறு பிள்ளை நடந்தே போய்வரும் தூரத்தில் ஒரு பாடசாலை இருப்பதன் அருமை அத்தகைய நாட்களில்தான் நமக்கு உறைக்கிறது.

அப்படியான பாடசாலைகளில் பெரும்பாலானவை கல்வி அமைச்சின் வகைப்படுத்தலில் ‘வகை 3’ எனப்படுபவை. தரம் 1 முதல் 5 வரை, சிலவற்றில் 8 வரை வகுப்புகள் இருக்கும். 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்னர், ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் கல்வியின் வாசலைத் திறந்தவை இவைதாம். இடர்க் காலங்களில் பாடசாலைகள் மக்களுக்கு அடைக்கலமும் கொடுத்தன. 2006 ஓகஸ்டில் மூதூரிலிருந்து இடம்பெயர்ந்த நம் மக்கள் கந்தளாயில் தங்கிய இடங்களுள் பாடசாலைக் கட்டடங்களும் அடங்கும்.

இன்று நாட்டிலுள்ள ஏறத்தாழ பத்தாயிரம் அரசாங்கப் பாடசாலைகளில் மூவாயிரம் அளவிலானவற்றில் 100க்கும் குறைவான மாணவர்களே படிக்கின்றனர். இந்தச் சரிவு எப்படி ஏற்படுகிறது? ஆசிரியர் ஒதுக்கீடு மாணவர் தொகையைப் பொறுத்தது. வசதியுள்ள பெற்றோர் பிள்ளையை நகரின் பெரிய பாடசாலையில் சேர்க்கும்போது ஊர்ப் பாடசாலையின் தொகை குறைகிறது. தொகை குறைந்தால் ஆசிரியர் குறைகின்றனர். ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளைச் சேர்த்துக் கற்பிக்கும் நிலை வருகிறது. அதைக் கண்டு எஞ்சிய பெற்றோரும் விலகுகின்றனர். இறுதியில் வேன் கட்டணம் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே மிஞ்சுகின்றனர்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் இதற்கு ஒரு காரணம். கிராமத்து ஏழை மாணவர் நல்ல இடைநிலைப் பாடசாலைக்குச் செல்ல உதவுவதே அதன் நோக்கமாக இருந்தது. இப்போதோ ஒரு பாடசாலையின் தரத்தை வெட்டுப்புள்ளியைத் தாண்டியோரின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கிறோம். தரம் 1இல் எழுத்தறியாமல் வந்த பிள்ளை தரம் 3இல் சரளமாக வாசிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆரம்பப் பாடசாலையின் உண்மையான வேலை அதுதான்.

பத்ர் கைதிகளில் மீட்புப் பணம் செலுத்த இயலாதோர் மதீனாச் சிறுவர்களுக்கு எழுதக் கற்பித்தால் விடுதலை பெறலாம் என நபி (ஸல்) அவர்கள் அறிவித்த வரலாற்றை நாம் மிம்பர்களில் கேட்கிறோம். அந்த அக்கறை நம் மஹல்லாவிலும் தெரிய வேண்டும். பள்ளிவாசல் நிர்வாகமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் ஒவ்வோர் ஆண்டும் தரம் 1 அனுமதிக்கு முன்னர் பெற்றோரைச் சந்தித்துப் பேசலாம். ஆசிரியர் வெற்றிடங்களை வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவித்து, பதில் வரும்வரை தொடரலாம். ஊரில் படித்த இளைஞர், யுவதிகள் மாலையில் வாசிப்பு வகுப்பு நடத்தலாம்.

பாடசாலை ஒன்று மூடப்பட்டுவிட்டால் அதை மீண்டும் திறப்பது எளிதல்ல. அடுத்த தரம் 1 அனுமதி வருவதற்குள் ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் ஊர்ப் பாடசாலையின் மாணவர் தொகையை ஒருமுறை கேட்டறியட்டும்.