உங்களுக்குத் தெரியுமா? மஞ்சள் நோட்டீசும் பட்டுத்தறியும்

● ‘மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துட்டாரு’ என்றால் காஞ்சிபுரத்தில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. கடை நொடித்துவிட்டது, கடனுக்குச் சேலை போட்டவர் தலையில் துண்டு. கோர்ட் பக்கம் போய்வந்தவர்கள் ‘ஐ.பி. போட்டாச்சு’ என்பார்கள். ‘இன்சால்வென்சி பெட்டிஷன்’ என்பதன் சுருக்கம் அது.

● கம்பெனி நொடித்தால் 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டம். ஆனால் காஞ்சிப் பட்டுக் கடைகள் பலவும் தனிப்பெயரிலும் கூட்டாளிகள் பெயரிலும் ஓடுபவைதானே? அவர்களுக்கான பகுதி இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே காஞ்சி காந்தி ரோட்டுக் கடைக்காரர் திவாலானால் 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம். அவரே சென்னை தி.நகரில் கடை போட்டு நொடித்திருந்தால் 1909-ஆம் ஆண்டு ராஜதானி நகரத் திவால் சட்டம். இரண்டுமே வெள்ளைக்காரர் காலத்துச் சரக்கு.

● அந்த 1920 சட்டப்படி 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம். 2016 சட்டப்படி ஒரு கம்பெனியைத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கவோ பாக்கி குறைந்தது 1 கோடி இருக்க வேண்டும். 2020 மார்ச் வரை 1 லட்சமாக இருந்த வரம்பு, கொரோனாவை ஒட்டி ஒரே தாவலில் ஏறியது. 3 லட்சம் பாக்கிக்காக அலையும் நெசவாளருக்கு அந்தக் கதவு அன்றே சாத்தப்பட்டுவிட்டது.

● தறியை ஜப்தி செய்ய முடியாது! சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு கைவினைஞரின் கருவிகளுக்கு விலக்குத் தருகிறது. சமையல் பாத்திரம், உடுதுணி, மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை (நம்மூரில் தாலி) எல்லாம் அதே பிரிவில். திவாலானாலும் இந்த விலக்கு போகாது. சரி, தறியில் பாதி நெய்து நிற்கும் சேலை? கூலிக்கு நெய்பவர் என்றால் பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுத்த முதலாளியுடையவை. நெசவாளியின் கடனுக்கு அதைத் தொட முடியாது. முதலாளி நொடித்தால் கதை தலைகீழ்: சேலை அவர் சொத்துக் கணக்கில் போய்ச் சேரும், நெய்தவர் கூலிக்கு வரிசையில் நிற்பார்.

● காஞ்சி நெசவாளர்களுக்குக் கடன் கணக்கு புதிதல்ல. கோயில் பொன்னை வட்டிக்கு விட்டதையும், கோயில் கணக்கை நெசவாளர் சேரிகள் பொறுப்பில் வைத்ததையும் உத்தம சோழனின் பத்தாம் நூற்றாண்டுச் செப்பேடு சொல்கிறது. செப்பேடு இருப்பது சென்னை அருங்காட்சியகத்தில்.

● 1906 அக்டோபரில் மதராஸில் வங்கித் தொழில் நடத்திய அர்பத்நாட் கம்பெனி கவிழ்ந்தது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்கே போனார். அந்த அடியில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றோர் முன்னின்று 1907-இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

● மூடிய ஆலையெல்லாம் திவால் ஆலை அல்ல. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் நின்றதற்கு வரித் தகராறு பெரிய காரணம். பின்னாளில் அந்த இடத்தை வாங்கியது சால்காம்ப் நிறுவனம்.

● 2016 சட்டத்தின் கீழ் 2025 மார்ச் வரை மீட்புத் திட்டம் கிடைத்த கம்பெனிகள் சுமார் 1,200. கலைக்க உத்தரவானவை சுமார் 2,750. மீண்டவற்றிலும் கடன் கொடுத்தவர்களுக்கு வந்தது, கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்குதான்.

● நெசவுக் கூட்டுறவுச் சங்கம் நலிந்தால் வழியே வேறு. கலைப்பதும் கலைப்பு அதிகாரியைப் போடுவதும் பதிவாளர் அதிகாரம். நெசவுச் சங்கங்களுக்கு அந்தப் பொறுப்பில் இருப்பவர் கைத்தறி இயக்குநர்.

● சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்கிய கடைக்காரரும் பணம் தரும்வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது. இதற்கெல்லாம் சிறு தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவு வேண்டும், பதிவு இலவசம். சேலை போடும்போதே பில் கேட்டு வாங்கி வையுங்கள். துண்டுச் சீட்டை நம்பாதீர்கள்.