பாட்டிக்கும் ஓர் அளவு எடுங்கள்!

தீபாவளி வருகிறது என்றால் நம் தோட்டங்களில் வீட்டுக்கு வீடு புதுத்துணிப் பேச்சுதான். சின்னப் பிள்ளைகளைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போய், கடை கடையாக ஏறி இறங்கி, போட்டுப் பார்த்து வாங்குகிறோம். வயசுப் பெண்ணுக்கு அவள் மனசுக்குப் பிடித்த நிறத்தில் பஞ்சாபி உடை. பையனுக்குச் சிலுவாரும் சட்டையும். வீட்டில் இருக்கும் பாட்டிக்கு? ஒரு சேலை. அந்தச் சேலைக்கு ரவிக்கை தைத்தாயிற்றா என்று கேட்டால் மட்டும் பதில் வராது.

"எனக்கு எதுக்குய்யா புதுசு? இந்தக் கெழவிய யாரு பாக்கப் போறா?" என்று பாட்டி சொல்லுவார். நாமும் அதை நம்பிவிடுகிறோம்.

அவருடைய அலமாரியைத் திறந்து பார்த்தால் உண்மை தெரியும். மகன் வாங்கிக் கொடுத்தது, மருமகள் வாங்கிக் கொடுத்தது, சிங்கப்பூரில் இருக்கும் பேரன் அனுப்பியது என்று சேலைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கி இருக்கும். கட்டத்தான் முடியாது. பழைய ரவிக்கை கையில் ஏறவில்லை. ஏறினாலும் முன்னால் கொக்கி எட்டவில்லை. அதனால் காலையில் நைட்டி, மாலையில் நைட்டி, ஆஸ்பத்திரிக்குப் போனாலும் நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. கல்யாணம், கோயில் திருவிழா என்று அழைப்பு வந்தால், "உடம்பு முடியலம்மா, நீங்க போயிட்டு வாங்க" என்று திண்ணையில் உட்கார்ந்து விடுகிறார். வீட்டில் உள்ளவர்கள் கால்வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள். கால்வலியும் இருக்கலாம். ஆனால் போட்டுக்கொண்டு போக உடுப்பில்லை என்பதைப் பல தாய்மார்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வெட்கம்.

1970களில் பால்மரம் வெட்டத் தொடங்கிய பெண்கள் இன்று எழுபதை ஒட்டியோ தாண்டியோ நிற்கிறார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போன காலத்தில், புருஷனின் பழைய நீளக்கைச் சட்டையைத்தான் மேலே மாட்டிக்கொண்டார்கள். தலையில் ஒரு துணி, இடுப்பில் கொசுவத்தி. ஒட்டுப்பால் நாற்றம் துவைத்தாலும் போகாது. தனக்கென்று அளவெடுத்துத் தைத்த உடுப்பை வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான் அவர்கள் போட்டார்கள். அந்த இரண்டு மூன்று நாளும் இப்போது இல்லை என்றால் அது யாருடைய குறை?

உடம்பு மாறுகிறது

"நான் தின்னுதின்னு பெருத்துட்டேன்" என்று வயதானவர்கள் தங்களையே ஏசிக்கொள்வது உண்டு. அது முழு உண்மை அல்ல. நாற்பது வயதுக்கு மேல் மனிதனின் உயரம் பத்து ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் குறைகிறது. எழுபதுக்குப் பிறகு இன்னும் வேகமாகக் குறைகிறது. முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை போன்ற சவ்வு வற்றிப்போவதும், எலும்பு பலமிழந்து அமுங்குவதும் இதற்குக் காரணம். முதுகு கூன் விழுகிறது. விலா எலும்புக்கும் இடுப்புக்கும் நடுவே இருந்த இடைவெளி குறைவதால், உள்ளே இருக்கும் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. தோளிலும் கையிலும் சதை கரைகிறது. மார்பு தாழ்கிறது.

ஆக, தோள் சிறுத்து, இடுப்பு பெருத்து, முதுகு நீண்டு, முன்பக்கம் குறுகிப் போகிறது. அதோடு காண்டாக் கம்பில் பால்வாளி தூக்கியவர்களில் பலருக்கு இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை.

இப்போது கடையில் தொங்கும் ரெடிமேட் உடுப்பை நினைத்துப் பாருங்கள். அது இளவயது உடம்பை வைத்து வெட்டியது. வயிற்றுக்குப் பற்றவில்லை என்று ஒரு அளவு பெரியதாக எடுத்தால், வயிறு மட்டுமா பெரிதாகும்? தோளும் பெரிதாகும், கையும் நீளும், கழுத்தும் அகலும். வயிற்றுக்குச் சரியாக இருப்பது தோளில் வழுக்கி விழும். தோளுக்குச் சரியாக இருப்பது வயிற்றில் பிதுங்கும். குற்றம் துணியை வெட்டிய முறையிலே இருக்கிறது. போட்டுக்கொள்பவரின் உடம்பிலே இல்லை.

'அளவு ரவிக்கை' செய்யும் கோளாறு

சரி, தைக்கக் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போது என்ன செய்கிறோம்? பாட்டியை வீட்டிலே விட்டுவிட்டு, பெட்டியின் அடியில் கிடந்த பழைய ரவிக்கை ஒன்றை 'அளவு' என்று எடுத்துக்கொண்டு போகிறோம். அது பத்து வருடத்துக்கு முந்திய அளவு. தையற்காரரும் கொடுத்த அளவுக்கே ஒழுங்காகத் தைத்துத் தருகிறார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஏறாது. கூலி போச்சு, துணியும் போச்சு. "இனிமே எனக்குத் தைக்கவே வேணாம்பா" என்று பாட்டி சொல்லிவிடுகிறார். அதோடு கதை முடிந்தது.

முன்பு தோட்டத்துக்குள்ளேயே தையல் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தையல் வகுப்பில் படித்த பெண்கள் இருந்தார்கள். மூட்டை கட்டிச் சைக்கிளில் துணி கொண்டுவந்து தவணைக்குக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்காளே டேப்பை எடுத்து அளந்துவிடுவார். ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனையாக மாறியும், வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் விற்கப்பட்டும் போன பிறகு, மக்கள் தாமான்களுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் சிதறிவிட்டார்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பக்கமும், பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் தையற்கடைகள் உண்டு. ஆனால் முட்டிவலியோடு பஸ் ஏறிப் போக வேண்டுமே! ஆகவே அளவை வீட்டிலேயே எடுத்து, தாளில் எழுதிக் கொடுப்பதுதான் வழி.

அளவெடுப்பது எப்படி?

முதலில், "நேரா நில்லு பாட்டி" என்று சொல்லாதீர்கள். அவர் வழக்கமாக எப்படி நிற்கிறாரோ அப்படியே நிற்கட்டும். கூனோடுதான் அவர் ரவிக்கை போடப் போகிறார்.

மெல்லிய உடுப்புக்கு மேல் டேப்பைப் பிடியுங்கள். மார்புச் சுற்றளவு எடுக்கும்போது டேப்புக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். இடுப்பை நின்றபடி ஒருமுறையும் உட்கார்ந்தபடி ஒருமுறையும் அளங்கள். உட்கார்ந்தால் வயிறு விரியும். பெரிய அளவைத்தான் எழுத வேண்டும். மேற்கையை மடக்கச் சொல்லி, சுற்றளவு எடுங்கள். இரண்டு தோளையும் தனித்தனியே அளங்கள்.

முக்கியமானது இதுதான்: பின்கழுத்து எலும்பிலிருந்து ரவிக்கை முடியும் இடம் வரை முதுகின் உயரத்தை எழுதுங்கள். தோளிலிருந்து முன்பக்க உயரத்தைத் தனியாக எழுதுங்கள். கூன் விழுந்தவருக்கு முதுகுத் துணி கூடுதலாக வேண்டும், முன் துணி குறைவாக வேண்டும். இதைச் சொல்லாவிட்டால் ரவிக்கை பின்னால் ஏறிக்கொண்டு முதுகைக் காட்டும். முன்னால் சுருங்கித் தொங்கும்.

தையற்காரரிடம் சொல்ல வேண்டியவை

* முன்பக்கம் முழுக்கத் திறக்கும்படி தைக்க வேண்டும். தோள் இறுகிப்போனவர்களால் கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது. நீரிழிவுக்காரர்களுக்குத் தோள் இறுகுவது அதிகம்.
* சின்னக் கொக்கி வேண்டாம். விரல் மூட்டு வலிப்பவர்களுக்குப் பெரிய பொத்தான் நல்லது. அதுவும் முடியாதென்றால் ஒட்டுப்பட்டை வைக்கலாம்.
* அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் கையைத் தூக்கும்போது இழுக்காது.
* இரண்டு பக்கமும் உள்ளே ஒன்றரை அங்குலம் துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். பிறகு உடம்பு போட்டால் பிரித்துவிடலாம்.
* பருத்தித் துணியாக இருந்தால் வெட்டுமுன் ஒருமுறை தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். தைத்த பிறகு சுருங்காது.

நம் நாட்டு வெயிலுக்குப் பருத்திதான் சுகம். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சாது. வயதானவர்களின் தோல் மெல்லியது. வேர்த்து, உரசி, புண்ணாகிவிடும்.

ஏற்கெனவே இருக்கும் நல்ல ரவிக்கையைத் தூக்கிப் போடவும் வேண்டாம். பக்கத் தையலைப் பிரித்து, அதே நிறத்தில் இரண்டு அங்குலப் பட்டி வைத்துத் தைத்தால் இன்னும் சில வருடம் ஓடும். சேலை மறைத்துக்கொள்ளும்.

பாவாடை நாடாவும் படிக்கட்டும்

ரவிக்கையைவிட ஆபத்தானது உள்பாவாடை. காலமெல்லாம் ஒரே இடத்தில் நாடாவை இறுக்கிக் கட்டியதால் இடுப்பில் பள்ளம் விழுந்து, தோல் கறுத்துப்போன தாய்மார்கள் எத்தனையோ பேர். அந்த இடத்தில் அரிப்பும் புண்ணும் வரும். நீரிழிவு இருந்தால் புண் எளிதில் ஆறாது. நாடாவுக்குப் பதில் இரண்டு அங்குல அகலப் பட்டி வைத்துத் தையுங்கள். ஒரே இடத்தில் கட்டாமல் கொஞ்சம் மேலும் கீழும் மாற்றிக் கட்டுங்கள். சில வாரமாகியும் ஆறாத புண்ணை மஞ்சள் பூசி மறைக்காமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

இன்னொன்று. உயரம் ஒன்றரை அங்குலம் குறைந்திருக்கிறது, பாவாடை மட்டும் பழைய நீளத்திலேயே இருக்கிறது. என்ன ஆகும்? படியில் ஏறும்போது கால் நுனியில் மாட்டும். எலும்பு பலமிழந்த வயதில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பிறகு பழையபடி நடக்க முடியாமல் போனவர்கள் உண்டு. பாவாடையும் நைட்டியும் கணுக்காலுக்கு மேல் நிற்கட்டும். ஊசியும் நூலும் அரைமணி நேரமும் போதும், மடித்துத் தைத்துவிடலாம்.

தாத்தாவை மறந்துவிட வேண்டாம்

ஆண்களுக்கும் இதே கதைதான். சிலுவாரை வயிற்றுக்குக் கீழே போட்டு, இடைவாரை இறுக்கி, நடக்க நடக்க மேலே இழுத்துக்கொண்டே போகிறார் தாத்தா. இடுப்பின் பின்பக்கம் மட்டும் இலாஸ்டிக் வைத்துத் தைத்தால் இந்தத் தொல்லை தீரும். கைலி அவிழ்கிறது என்றால் மேல் விளிம்பை மடித்து நாடா கோத்துக் கொடுங்கள். வேட்டியில் இப்போது ஒட்டுப்பட்டை வைத்தே விற்கிறார்கள். கோயிலுக்குப் போகும் பெரியவருக்குப் பயமில்லை.

பக்கவாதம் வந்தவருக்கு உடுத்திவிடுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். போடும்போது விளங்காத கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். சட்டை ஒரு சுற்று பெரிதாக, முன்னால் திறப்பதாக இருக்கட்டும். வலிக்கும் கையைப் பிடித்து இழுத்து அவரைக் கலங்க வைக்காதீர்கள்.

கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

"வயசாயிட்டா சாம்பல் கலருதான் நல்லாருக்கும்" என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். புருஷனை இழந்தவர் என்றால் கேட்கவே வேண்டாம், வெளுத்த நிறம்தான். அவரிடம் கேட்டோமா? மாம்பழ மஞ்சள் பிடிக்கும் என்று சொல்லும் பாட்டியும் இருக்கிறார். சொல்ல இடம் கொடுத்தால்தான் சொல்லுவார்.

தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை 1 முதல் 60 என்று சட்டமே சொல்கிறது. அதற்குப் பிறகு பெரும்பாலோருக்கு மாதச் சம்பளம் இல்லை. சேமநிதிப் பணமோ மகன் வீடு கட்டவும், மகள் கல்யாணத்துக்கும் போய்விட்டது. தனக்கு ஒரு ரவிக்கை வேண்டும் என்று பிள்ளையிடம் கேட்க அவர் கூச்சப்படுகிறார். கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. கடைசி நேரத்தில் போனால் தையற்காரர் துணியை வாங்க மாட்டார். ஆவணி மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுங்கள். தையல் தெரிந்த பெண்கள் இரண்டு பேர் சேர்ந்தால் ஒரு தோட்டத்துப் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் அளவெடுத்து எழுதிவிடலாம். கோயில் கமிட்டியும் இளைஞர் மன்றமும் இதற்கு ஒரு மேசையும் நாலு நாற்காலியும் போட்டுக் கொடுக்கக் கூடாதா? ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தாளைப் புதுப்பித்துக்கொண்டால் போதும்.

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பார்கள். நம்மை ஆளாக்கியவர்களுக்கு அந்தப் பாதியையாவது நாம் சரியாகத் தைத்துக் கொடுப்போம். சேலை வாங்கியவர்கள், இந்த முறை ரவிக்கையையும் சேர்த்தே கொடுங்கள். போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கே இழுக்கிறது, எங்கே தளர்கிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். சரியில்லை என்றால் திரும்பக் கொண்டுபோய்ப் பிரித்துத் தைத்து வாருங்கள். உங்கள் பிள்ளைக்கு அப்படித்தானே செய்வீர்கள்?