தங்கவயலும் வெள்ளித்திரை உடுப்பும்: அன்றும் இன்றும்

கோலார் தங்கவயலில் ஒரே மண்ணில் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒரு பக்கம் பங்களாக்கள், பூந்தோட்டங்கள், கிளப், நடனக் கூடம். இன்னொரு பக்கம் லைன்கள்: தட்டியும் தகரமும் வைத்துக் கட்டிய, நிமிர்ந்து நிற்க இடமில்லாத வரிசை வீடுகள். முதல் ஊரைக் குட்டி இங்கிலாந்து என்று வெள்ளைக்காரர்கள் கொண்டாடினார்கள். இரண்டாவது ஊரில் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் வாழ்ந்தன. தமிழ் பேசியவர்கள், பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். இரண்டு ஊர்களையும் பிரித்த கோடு வீட்டுச் சுவரில் தெரிந்ததைவிட உடம்பில் கிடந்த துணியில் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

அந்தக் கோட்டின் ஒரு முனையில் ஹாலிவுட் கவுன் இருந்தது. மறுமுனையில் கோவணம் இருந்தது. ஒரு காலத்தில் சினிமா என்றால் கவுனைக் காட்டுவதுதான். இன்று அதே சினிமா, கோவணத்தின் கதையைச் சொல்லத் தங்கவயலுக்கே வந்து நிற்கிறது. இந்த மாற்றம் எப்படி நடந்தது?

அன்று: விளக்கும் பளபளப்பும்

ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் நிறுவனம் 1880-இல் தங்கவயலில் கால் வைத்தது. ஐந்து வருடத்தில், 1885-இல், கே.ஜி.எஃப். (கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ்) கிளப் எழுந்தது. 1902-இல் காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத்தில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905-இல்தான்.

சுரங்கத்தில் ஃபோர்மன்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும், மருத்துவமனையிலும் பள்ளியிலும் நர்ஸ்களாகவும் ஆசிரியைகளாகவும் ஆங்கிலோ இந்தியர்கள் ஏராளமாக இருந்தார்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை நடன இரவுகள் அவர்களுடைய வாழ்க்கையின் உச்சம். அந்த இரவுகளுக்கான கவுன்களை லண்டனிலிருந்து வரவழைக்க எல்லாருக்கும் வசதி போதாது. இந்தியாவின் ரயில்வே ஊர்களிலும் சுரங்க ஊர்களிலும் நடந்த வழக்கம் ஒன்றுதான்: பத்திரிகையில் வந்த நடிகையின் படத்தைத் தையற்காரர் கையில் கொடுப்பார்கள், அவர் அதைப் பார்த்தே அளவெடுத்து வெட்டுவார். அவர் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

பளபளப்புக்குப் பின்னால் இருந்த கணக்கு

ஹாலிவுட் உடைகள் ஏன் அப்படி மின்னின? அன்றைய திரையில் பெரும்பாலும் வண்ணம் கிடையாது. சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல் நிறமாகப் பதிந்துவிடும். ஆகவே உடை வடிவமைப்பாளர் ஒளியைத்தான் வண்ணமாகப் பயன்படுத்த வேண்டியிருந்தது. சாட்டின் ஒளியை வழியவிடும், பாசிமணி சிதறவிடும், வெல்வெட் விழுங்கிவிடும், சரிகைத் துணியான லாமே அப்படியே திருப்பி அடிக்கும். எம்.ஜி.எம். ஸ்டுடியோவில் 1928 முதல் 1941 வரை உடைகளை ஆண்ட ஏட்ரியன் இந்தக் கணக்கில் கரைகண்டவர். ‘டின்னர் அட் எய்ட்’ (1933) படத்தில் ஜீன் ஹார்லோ அணிந்த வெள்ளைச் சாட்டின் கவுன் அவர் கைவண்ணம். துணியைக் குறுக்காக, ஊடுக்கும் பாவுக்கும் சாய்வாக வெட்டினால் அது தானாக நெகிழ்ந்து உடம்போடு படியும். அந்தக் கவுனின் ரகசியம் அதுதான். நம் ஊர்த் தையற்கடையில் ‘கிராஸ் கட் ரவிக்கை’ என்று கேட்டு வாங்குகிறோமே, அதே நுட்பம். ஹாலிவுட்டின் மேசையிலும் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைத் தையற்காரரின் மேசையிலும் கத்தரி ஒரே கோணத்தில்தான் திரும்ப வேண்டும்.

‘லெட்டி லிண்டன்’ (1932) படத்தில் ஜோன் கிராஃபோர்ட் அணிந்த, தோளில் கொசுவம் பொங்கி நிற்கும் வெள்ளை ஆர்கண்டி உடையை அமெரிக்கக் கடைகள் நகலெடுத்து விற்றன. திரையில் பார்த்ததைக் கடையில் வாங்கலாம் என்ற வியாபாரம் அந்தக் காலத்தில்தான் வேர் பிடித்தது. 1949-இல் உடை வடிவமைப்புக்கு ஆஸ்கர் விருது வந்தது. கறுப்பு வெள்ளைக்கு ஒன்று, வண்ணத்துக்கு ஒன்று. எடித் ஹெட் என்ற ஒரே பெண்மணி எட்டு முறை அதைப் பெற்றார்.

அந்த உடைகள் பெங்களூர் கண்டோன்மெண்டின் திரையரங்குகளுக்கும் வந்தன. இன்றைய எம்.ஜி. சாலையில் 1936-இல் திறந்த பிளாசா, ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போன இடம். தங்கவயலின் மாரிக்குப்பம் வரை 1894-இலேயே ரயில் வந்துவிட்டதால், பெங்களூர் தூரமில்லை.

கவுனுக்குள் மறைந்த பெண்

பம்பாயில் 1911-இல் பிறந்த ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருத்தி அந்தத் திரையின் நடுவிலேயே இருந்தாள் என்பது அன்று யாருக்கும் தெரியாது. அவள் மெர்ல் ஓபரான். தாய்வழியில் இலங்கை வேர் கொண்டவள். ‘தி டார்க் ஏஞ்சல்’ (1935) படத்துக்காகச் சிறந்த நடிகை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவள். ‘வுதரிங் ஹைட்ஸ்’ (1939) படத்தில் ஓமர் கியாம் தைத்த உடைகளில் சீமாட்டியாக நடந்தவள். டாஸ்மேனியாவில் பிறந்தேன் என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தாள். நிறம் தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயத்தை அவள் மீது சுமத்தியது அன்றைய ஹாலிவுட். அத்தனை வெள்ளைச் சாட்டினும் அவளுக்கு அழகாக இருந்ததோடு கவசமாகவும் இருந்தது.

ஆங்கிலோ இந்தியப் பெண்ணின் கதையை ஹாலிவுட் நேராகவே சொல்ல வந்தபோது, அந்தப் பாத்திரத்தை அமெரிக்க நடிகை ஆவா கார்ட்னருக்குக் கொடுத்தது. ஜார்ஜ் கியூக்கர் இயக்கிய ‘பவானி ஜங்ஷன்’ (1956) லாகூரில் படமானது; உடைகள் எலிசபெத் ஹாஃபெண்டன். நாயகி விக்டோரியா ஜோன்ஸ் சட்டையும் பாவாடையுமாக இருப்பாள். ஒரு கட்டத்தில் புடவை கட்டிப் பார்ப்பாள். நான் எந்தப் பக்கம் என்ற அவளுடைய தவிப்பை அந்த உடை மாற்றம் சொல்லிவிடுகிறது. சுதந்திரத்துக்குப் பிறகு இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறிய தங்கவயல் குடும்பங்களுக்கு அந்தத் தவிப்பு சொந்த வீட்டு விஷயம். போனவர்கள் போக, இருந்தவர்களின் நினைவுகளைத் தங்கவயலில் பிறந்த பிரிட்ஜெட் ஒயிட்-குமார் போன்றவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

கோட்டின் மறுமுனை

சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கு மேல். அங்கே துணி என்பது பாரம். ஆரம்ப காலத்தில் கோவணமும் தலைத்துண்டுமாக இறங்கினார்கள். ஹெல்மெட்டும் பூட்ஸும் பிற்பாடு வந்தவை. ஏறக்குறைய 800 டன் தங்கம் அந்த வியர்வையில் மேலே வந்தது. பல பத்தாண்டுகள் அது லண்டனுக்கே கப்பலேறியது. தங்கத்தை எடுத்தவர்களின் வீட்டுப் பெண்கள் கழுத்தில் பாசிமணி கிடந்தது.

அன்றைய தென்னாட்டில் சாதி, துணியின் அளவைக்கூடத் தீர்மானித்தது. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டு, 1859-இல்தான் அரசாணை பெற்றார்கள். தோள்சீலைப் போராட்டம் என்று நாம் படிக்கும் வரலாறு அது. ரவிக்கை என்ற அரை கஜத் துணிக்காக இரத்தம் சிந்திய நாட்டில், ஒரு கவுனுக்குப் பத்து கஜம் சாட்டின் ஒதுக்கிய கலையைப் பற்றிப் பேசுகிறோம். இரண்டையும் சேர்த்துப் பேசினால்தான் உடையின் வரலாறு முழுமையாகும்.

மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்தம் வேர்விட்டது, பள்ளிகள் வந்தன, சங்கங்கள் வந்தன. தலைமுறை மாற மாற, லைன் வீட்டிலிருந்து கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையோடு ஆண்களும் ரவிக்கையோடு பெண்களும் நடந்தார்கள். அந்தச் சட்டையின் மடிப்பில் இருந்த மரியாதையை எந்தச் சினிமாவும் அன்று படம்பிடிக்கவில்லை.

இடையில் கவிழ்ந்தவை

எந்த ஒளியும் நிரந்தரமில்லை. 1970 மே மாதம் எம்.ஜி.எம். ஸ்டுடியோ தன் உடை அறைகளைத் திறந்து, ஆயிரக்கணக்கான உடைகளை ஏலத்தில் தள்ளியது. ஏட்ரியன் வடிவமைத்த ‘விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தின் சிவப்புச் செருப்பு ஒரு ஜோடி 15,000 டாலருக்குப் போனது. நடிகை டெபி ரெனால்ட்ஸ் தன் கைப்பணத்தைப் போட்டு அள்ளியது மிஞ்சியது. அருங்காட்சியகம் கட்ட அவர் பல பத்தாண்டுகள் அலைந்தும் கைகூடவில்லை. 2011-இல் அவரும் விற்க வேண்டி வந்தபோது, ‘செவன் இயர் இட்ச்’ (1955) படத்துக்காக டிராவில்லா தைத்த மர்லின் மன்றோவின் வெள்ளை உடை 46 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே சிவப்புச் செருப்பின் இன்னொரு ஜோடி 2024 டிசம்பரில் 2 கோடியே 80 லட்சம் டாலரைத் தொட்டது. குப்பை என்று தள்ளியதைத் தங்கம் என்று உணர உலகத்துக்கு ஐம்பது வருடம் பிடித்தது.

தங்கவயலின் கணக்கு எதிர்த்திசையில் ஓடியது. 1956-இல் சுரங்கங்கள் அரசு வசமாயின; 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் உருவானது; 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். ஷாஃப்டுகள் துருப்பிடித்தன. தங்கம் பிரித்த பிறகு கொட்டிய கழிவான சயனைடு மேடுகள் மட்டும் வெளிறிய மலைகளாக நின்றன.

இதற்கிடையே உலக சினிமாவின் உடைக் கண்ணும் மாறிக்கொண்டிருந்தது. 1983 ஏப்ரலில் ‘காந்தி’ படத்துக்காக பானு அத்தையா, ஜான் மோலோவோடு சேர்ந்து ஆஸ்கர் வாங்கினார். ஆஸ்கர் பெற்ற முதல் இந்தியர் அவர். சாட்டினுக்கும் பாசிமணிக்கும் கொடுத்துப் பழகிய விருது, அந்த வருடம் கதர் வேட்டிக்கும் கசங்கிய துண்டுக்கும் கிடைத்தது. உடையின் வேலை மின்னுவது மட்டும் இல்லை, ஒரு மனிதன் யார் என்று சொல்வது என்ற நியாயம் அந்த மேடையில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

இன்று: திரை தேடி வரும் ஊர்

2018-இல் வந்த ‘கே.ஜி.எஃப்’ கன்னடப் படம் சயனைடு மேட்டில் செட் போட்டுப் படமானது. கிழிந்த துணியும் கரியும் புழுதியும் அதன் அடிமைக் கூட்டத்தின் சீருடை. நாயகனுக்கோ கோட்டும் சூட்டும். கற்பனைக் கதைதான். ஆனாலும் தங்கவயல் என்ற பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது அது. தங்கம் தோண்டியவர்களின் உண்மையான முகம் அதில் இல்லையே என்ற ஏக்கம் அந்த மண்ணின் மக்களுக்கு இருந்தால், அதில் நியாயம் உண்டு.

2024 ஆகஸ்ட் 15-இல் வெளியான பா. இரஞ்சித்தின் ‘தங்கலான்’ அந்த இடத்தைத் தொட முயன்றது. உடைகள் ஏகன் ஏகாம்பரம். 19-ஆம் நூற்றாண்டில் வட ஆற்காட்டுக் கிராமத்திலிருந்து தங்கம் தேடிப் போகும் மக்களின் கோவணமும் பாசிமணியும் பச்சைக்குத்தும்தான் அதன் ஆடம்பரம். இப்படிப்பட்ட உடைக்குச் செலவாகும் உழைப்பு கவுனுக்குச் செலவாவதைவிடக் குறைவில்லை. புதுத் துணியைச் சாயத்தில் தோய்த்து, மண்ணில் புரட்டி, உப்புத்தாளால் தேய்த்து, பல வருடம் உடுத்தியதுபோல் பழசாக்குவது உடைக்கலைஞர்களின் தனி வித்தை. அந்தப் படத்தில் பெண்கள் முதன்முதலாக ரவிக்கை அணிந்து பூரிக்கும் காட்சி ஒன்று உண்டு. கண்ணாடி மாளிகையில் சாட்டின் கவுனோடு படியிறங்கும் எந்த நாயகிக்கும் கிடைக்காத கம்பீரம் அந்தப் பெண்களுக்குக் கிடைக்கிறது. சினிமா வரலாற்றில் மிக ஆடம்பரமான உடை எது என்று யாராவது கேட்டால், அந்த ரவிக்கையையும் பட்டியலில் சேர்ப்பேன்.

அன்று தங்கவயல், திரையில் வந்த உடுப்பை அண்ணாந்து பார்த்துத் தைத்தது. இன்று திரை, தங்கவயலின் உடுப்பைக் குனிந்து பார்த்துத் தைக்கிறது.

ஆனால் ஊரின் நிஜ வாழ்க்கைக்கு இந்த மாற்றம் சோறு போடவில்லை. விடிவதற்குள் மாரிக்குப்பத்திலிருந்தும் பங்காருபேட்டையிலிருந்தும் ரயில்கள் நிரம்பிப் பெங்களூருக்குப் போகின்றன. இருட்டிய பிறகு திரும்புகின்றன. பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண்கள்தான் பெரும்பான்மை. அவர்கள் தைக்கும் உடை கடல் கடந்து போகிறது. தைத்தவர் பெயர் இன்றும் எந்த லேபிளிலும் இல்லை. படத்தை வைத்துக் கவுன் தைத்த அந்தக் காலத்துத் தையற்காரருக்கு நேர்ந்ததுதான் இவர்களுக்கும் நேர்கிறது. மாறாத இந்த ஒன்றை மறைத்துவிட்டு மாறியதை மட்டும் பாடுவது நேர்மையாகாது.

சேர்த்துவைக்க வேண்டிய நேரம்

பானு அத்தையா 2012-இல் தன் ஆஸ்கர் சிலையை அமெரிக்க அகாதெமியிடமே திருப்பி ஒப்படைத்தார். தனக்குப் பிறகு இங்கே அது பத்திரமாக இருக்குமா என்ற கவலை. தாகூரின் நோபல் பதக்கம் திருட்டுப்போன நாட்டில் அந்தக் கவலையைத் தவறென்று சொல்ல முடியாது. லாஸ் ஏஞ்சலஸில் 2021-இல் அகாதெமியின் சினிமா அருங்காட்சியகம் திறந்தது. ஒரு காலத்தில் ஏலத்தில் சிதறிய கலைக்கு இப்போது அங்கே கூரை இருக்கிறது.

தங்கவயலுக்கும் அப்படியொரு கூரை வேண்டும். நடன இரவுக்குத் தைத்த கவுன்கள் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில், மெல்போர்னிலும் பெங்களூரிலும், இன்னும் மடித்துக் கிடக்கும். அப்பா சுரங்கத்தில் இறங்கிய நாளில் அணிந்த ஹெல்மெட், விளக்குப் பட்டை, காக்கி, அம்மாவின் கைத்தறிப் புடவை, பாட்டியின் முதல் ரவிக்கை, தையற்காரரின் அளவு நோட்டு எல்லாம் லைன் வீடுகளின் பரணில் இருக்கும். கவுனையும் காக்கியையும் ஒரே கூடத்தில், ஒரே உயரத்தில், பக்கத்துப் பக்கத்தில் தொங்கவிட வேண்டும். தைத்தவர் பெயர் தெரிந்தால் அதையும் எழுதிவைக்க வேண்டும். கர்நாடக அரசும், படமெடுத்துச் சம்பாதித்த திரையுலகும், வெளிநாடு போன தங்கவயல் பிள்ளைகளும் கை கோத்தால் இது பெரிய செலவில்லை. இரண்டு ஊர்களைப் பிரித்த துணியே அவற்றை ஒரு வரலாறாகச் சேர்க்கும் வேலையைச் செய்யட்டும். ஹாலிவுட் தன் உடைகளை இழந்த பிறகு தேடியது. நாம் இழப்பதற்கு முன்பே சேர்த்துவிடலாம்.